இது எந்தப் பதிப்பில் உண்மை?

நிரல்மொழி ஆவணங்களைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பைத்தானில் ஃப்ரம்ஐசோஃபார்மட் என்றொரு மெத்தட் இருக்கிறது. தேதியையும் நேரத்தையும் எழுத்தாகக் கொடுத்தால் டேட்டைம் ஆப்ஜெக்டாக மாற்றித் தரும். 3.7 பதிப்பில் அது அறிமுகமானபோது, நேர்மாறான வேலையைச் செய்யும் ஐசோஃபார்மட் மெத்தட் எழுதித் தருகிற வடிவங்களை மட்டும்தான் அதற்குத் திரும்பப் படிக்கத் தெரியும். நேரத்தின் கடைசியில் இசட் என்ற எழுத்து இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும். ஐஎஸ்ஓ 8601 வடிவங்கள் எல்லாவற்றையும் இது படிக்காது என்று ஆவணமும் எச்சரித்தது. 2022 அக்டோபரில் 3.11 வந்தது. அந்த வடிவங்களில் பெரும்பாலானவற்றை அதே மெத்தட் படிக்கத் தொடங்கியது. அதுவரை சரியாக இருந்த எச்சரிக்கை அன்றோடு தவறாகிப் போனது. அதை எழுதியவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

எச்சரிக்கையை அழித்துவிட்டு 'கிட்டத்தட்ட எல்லாம் படிக்கும்' என்று மாற்றி எழுதியிருந்தாலும் பிழைதான். அலுவலக சர்வரில் 3.9-ஐ வைத்திருப்பவர் அதை நம்பி எழுதுவார். முதல் இசட் வந்ததும் அவருடைய நிரல் விழும். பைத்தான் ஆவணக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. விளக்கத்தைப் புதுப்பித்தார்கள், அதன் அடியிலேயே '3.11-இல் மாறியது, அதற்கு முன் ஐசோஃபார்மட் தரும் வடிவங்கள் மட்டுமே' என்ற பொருளில் ஒரு குறிப்பும் வைத்தார்கள். 3.9 வைத்திருப்பவருக்கும் 3.13 வைத்திருப்பவருக்கும் ஒரே பக்கம் உண்மையைச் சொல்கிறது.

ஆவணம் பழசாகிப் போனால் உடனே ஆட்களின் சோம்பலைக் காரணம் காட்டுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நிரல் ஒரு பக்கம் மாறும்போது ஆவணத்தில் எதுவும் உடைவதில்லை, யாருக்கும் செய்தி போவதில்லை. உண்மையான காரணம் அதுதான். பைத்தானில் 2020-இல் வந்த 3.9 தொடங்கி ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு. எந்த நாளில் பார்த்தாலும் ஏறக்குறைய ஐந்து பதிப்புகள் உயிரோடு இருக்கும். சொந்த நேரத்தைக் கொடுத்து உழைக்கும் தன்னார்வலர்கள் இத்தனையையும் நினைவில் வைத்துத் திருத்துவார்கள் என்று எதிர்பார்ப்பது அநியாயம். நிரல் நகர்ந்தால் ஆவணம் தானாகக் கூச்சலிட வேண்டும். கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை அதற்கான ஏற்பாடுகளே.

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு கூற்றையும் பதிப்பு எண்ணோடு கட்டிவையுங்கள். ஒரு ஃபங்ஷன் எந்தப் பதிப்பில் வந்தது, எதில் மாறியது, எதில் கைவிடப்பட்டது என்று மூன்று விவரங்கள் வேண்டும். பைத்தான் ஆவணத்தை உருவாக்கித் தரும் ஸ்பிங்க்ஸ் கருவியில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டளைகள் உள்ளன. சி++ பயனர்களின் சிபிபிரெஃபரன்ஸ் தளத்தில் ஸ்மார்ட் பாயின்டர் பக்கத்தைத் திறந்தால், ஆட்டோ_பிடிஆர் சி++11-இல் கைவிடப்பட்டது, சி++17-இல் நீக்கப்பட்டது என்பது பெயருக்குப் பக்கத்திலேயே நிற்கும். பத்தியைத் துழாவ வேண்டியதில்லை.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறவருக்கு அது எந்தப் பதிப்பில் போய்ச் சேரும் என்று தெரியாது. 3.13 என்று எழுதியிருப்பார். சீராய்வு இழுத்துக்கொண்டே போய் 3.14-இல் சேரும், குறிப்பில் 3.13 அப்படியே தங்கிவிடும். இதற்காகவே பைத்தானில் எண்ணுக்குப் பதில் 'நெக்ஸ்ட்' என்று எழுதிவைக்கும் வழக்கம் வந்திருக்கிறது. வெளியீட்டின்போது கருவியே சரியான எண்ணை நிரப்பிவிடும். மனித ஞாபகத்தை நம்பாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. உங்கள் திட்டம் சிறியதாக இருந்தாலும் இதைச் செய்ய நாலைந்து வரி ஸ்கிரிப்ட் போதும்.

எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்க்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். டாக்டெஸ்ட் என்ற மாட்யூல் 2001-இல் வந்த பைத்தான் 2.1-இலேயே உண்டு. ஆவணத்தில் எழுதிய எடுத்துக்காட்டை ஓட்டி, கீழே நீங்கள் எழுதிக் காட்டிய விடையோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் சொல்லிவிடும். ரஸ்ட் மொழி இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனது. அங்கே ஆவணக் குறிப்பில் எழுதும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் தனியாக எதுவும் சொல்லாமலே சோதனையாகிவிடும். கார்கோ டெஸ்ட் என்று ஓட்டினால் லைப்ரரியின் மற்ற சோதனைகளோடு சேர்த்து அவையும் ஓடும். ஃபங்ஷனின் பெயரை மாற்றிவிட்டு எடுத்துக்காட்டை மறந்தால் சோதனை சிவப்பாகும், மாற்றம் உள்ளே போகாது.

எல்லா எடுத்துக்காட்டையும் இப்படி ஓட்ட முடியாது என்பார்கள். இணையத்தைத் தொடுகிறது, கோப்பை அழிக்கிறது, ஒவ்வொரு முறையும் வேறு விடை தருகிறது என்று காரணங்கள் வரும். அவை உண்மைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வழியிருக்கிறது. ரஸ்டில் 'நோ_ரன்' என்று குறித்தால் நிரல் ஓடாது, கம்பைல் மட்டும் ஆகும். பெயர்கள் சரியா, வகைகள் பொருந்துகின்றனவா என்பதாவது தெரிந்துவிடும். 'கம்பைல்_ஃபெயில்' என்று குறித்தால், இது கம்பைல் ஆகக்கூடாது என்று நீங்கள் சொன்னது இன்றும் உண்மைதானா என்று சோதிக்கும். டாக்டெஸ்டில் மாறிக்கொண்டே இருக்கும் பகுதிக்கு மூன்று புள்ளிகளை வைத்து அதை மட்டும் விட்டுவிடச் சொல்லலாம். நினைவக முகவரி, ஓடிய நேரம் போன்றவற்றுக்கு அது போதும். சிவப்பைப் பச்சையாக்கும் அவசரத்தில் 'இக்னோர்' போட்டுவிட்டுப் போவதுதான் ஆபத்து. இக்னோர் போட்டால் பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும் என்று விதியே வைத்துவிடுங்கள்.

நிரலை மாற்றுபவரிடமே ஆவண மாற்றத்தையும் கேளுங்கள், அதே புல் ரிக்வெஸ்டில். என்ன மாறியது, ஏன் மாறியது என்பது அன்றைக்கு அவருக்கு முழுமையாகத் தெரியும். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் வந்து கமிட் வரலாற்றைத் தோண்டினால் பாதிதான் கிடைக்கும். பைத்தானின் ஆவணம் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் இருப்பதால் இதைக் கேட்பது எளிது. பிஎச்பியின் கையேடு வேறு களஞ்சியத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில், நடத்தையை மாற்றும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆவணக் களஞ்சியத்தில் ஒரு இஷ்யூ திறந்தாக வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். அவருடைய ஆங்கிலமோ நடையோ சரியில்லை என்றால் பரவாயில்லை. விவரத்தை அவர் தரட்டும், நடையைப் பிறகு யாரும் திருத்தலாம்.

நீக்கப்பட்டதற்கும் ஒரு பக்கம் விட்டுவையுங்கள். 2024-இல் வந்த 3.13 பதிப்பில் பைத்தான் தன் ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலிருந்து 19 மாட்யூல்களை ஒரே வீச்சில் நீக்கியது. சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட் எல்லாம் அதில் போயின. பக்கங்களையும் சேர்த்து அழித்திருந்தால், பழைய நிரலைத் திறந்து 'இது எங்கே போயிற்று' என்று தேடி வருகிறவருக்கு 404 தான் கிடைத்திருக்கும். மாறாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பக்கம் வைத்தார்கள். எப்போது கைவிடப்பட்டது, எப்போது நீக்கப்பட்டது, எந்தப் பதிப்பு வரை இருந்தது என்று அது சொல்லும்; சிலவற்றில் மாற்றாக எதைப் பார்க்கலாம் என்பதும் இருக்கும். மூன்று நான்கு வரிக்கு மேல் இல்லை. தேடி வருகிறவரின் ஒரு மாலைப்பொழுதை அது மிச்சப்படுத்தும்.

திருத்தத்தைப் பழைய கிளைகளுக்கும் கொண்டுபோங்கள். முதன்மைக் கிளையில் திருத்தினால் அது அடுத்த ஆண்டுப் பதிப்பின் ஆவணம். இன்று மக்கள் படிப்பது அதற்கு முந்தையது. பைத்தான் களஞ்சியத்தில் ஒரு லேபிள் ஒட்டினால் போதும், ஒரு பாட் அதே திருத்தத்தைப் பழைய கிளைக்குப் புல் ரிக்வெஸ்டாக எடுத்துப் போகும். உங்களிடம் பாட் இல்லையென்றால் கையால் செய்யுங்கள்.

மொழிபெயர்ப்பு பழசானதும் அது வெளியே தெரியட்டும். பைத்தான் ஆவணத்தை ஜப்பானியம், பிரெஞ்சு, கொரியன் முதலிய மொழிகளில் படிக்கலாம். அவற்றை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொள்ள 2017-இல் பெப் 545 என்ற பைத்தான் முன்மொழிவு வழி செய்தது. ஆங்கில மூலத்தில் ஒரு பத்தி மாறினால் கெட்டெக்ஸ்ட் கருவி அதன் மொழிபெயர்ப்பை 'ஃபஸி' என்று குறித்துவிடும். மொழிபெயர்ப்பாளர் பார்த்துச் சரிசெய்யும்வரை வாசகருக்கு அந்தப் பத்தி ஆங்கிலத்திலேயே வரும். மென்பொருள் தமிழாக்கத்தில் கைவைத்தவர்களுக்கு இந்த ஃபஸி நன்றாகப் பழக்கமானது. எண்ணிக்கை கூட வேண்டும் என்பதற்காகப் படித்துப் பார்க்காமலே அதை நீக்குகிறவர்களும் உண்டு. பிழையான தமிழ்ப் பத்தியைவிடச் சரியான ஆங்கிலப் பத்தி மேல் என்று தமிழ்மேல் இருக்கும் பற்றோடுதான் சொல்கிறேன். தாய்மொழியில் படிக்க வந்த மாணவர் ஒருமுறை ஏமாந்தால் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார்.

பிஎச்பி கையேட்டில் வேறு ஏற்பாடு. மொழிபெயர்த்த ஒவ்வொரு கோப்பின் தலையிலும், ஆங்கிலக் கோப்பின் எந்தக் கமிட்டைப் பார்த்து அது மொழிபெயர்க்கப்பட்டது என்ற அடையாளம் இருக்கும். மூலம் அதைத் தாண்டிப் போனதும் எந்தெந்தக் கோப்பு பின்தங்கியிருக்கிறது என்று கருவி பட்டியலிட்டுவிடும். சொந்தமாகத் தமிழில் நிரல்மொழிப் பாடம் எழுதுகிறவர்களும் இதை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தின் தலையில் 'பைத்தான் 3.12-இல் சோதித்தது' என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இறுதி முடிவு யாருடையது என்று எழுதிவையுங்கள். பைத்தானில் இதற்காகவே 2023-இல் பெப் 732 வழியாக ஆவண ஆசிரியர் குழு அமைந்தது. இரண்டு பேர் சொல்லுக்குச் சொல் மோதிக்கொண்டிருக்கும்போது திருத்தம் மாதக்கணக்கில் தொங்கும். வாசகர் அதுவரை பழசையே படித்துக்கொண்டிருப்பார்.

செய்யக்கூடாதவை

'இப்போது', 'அண்மையில்', 'விரைவில்' என்று எழுதாதீர்கள். எழுதிய நாளில் மட்டும் பொருள் தரும் சொற்கள் இவை. அதற்குப் பதில் எண்ணை எழுதுங்கள்.

தற்செயலாக நடப்பதை மொழியின் வாக்குறுதியாக எழுதாதீர்கள். பைத்தானின் டிக்ஷனரி, சேர்த்த வரிசையிலேயே விவரங்களைத் திருப்பித் தரும் என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 2016-இல் வந்த 3.6-இல் இது பைத்தானின் முதன்மைச் செயலாக்கமான சிபைத்தானின் உள்கட்டமைப்பை மாற்றியதால் கிடைத்த பக்கவிளைவு மட்டுமே. இதை நம்பி எழுத வேண்டாம் என்று அந்தப் பதிப்பின் 'புதியவை' பக்கமே சொன்னது. 3.7-இல்தான் மொழி அதை உறுதி செய்தது. இடைப்பட்ட காலத்தில் 'டிக்ஷனரி வரிசை காக்கும்' என்று யாராவது ஆவணத்தில் எழுதியிருந்தால், என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது என்பார். அவர் பார்த்தது உண்மைதான். ஆனால் வேறொரு பைத்தான் செயலாக்கத்தில் அதே நிரல் வேறு விடை தந்திருந்தால் அவர் பொறுப்பேற்க முடியுமா? இப்படிப்பட்டவற்றுக்காகப் பைத்தான் ஆவணத்தில் 'சிபைத்தான் செயலாக்க விவரம்' என்று தனி முத்திரையே வைத்திருக்கிறார்கள். ஓட்டிப் பார்த்தது சான்றாகாது, மொழி உறுதி தந்திருக்கிறதா என்று பாருங்கள். டாக்டெஸ்ட் பச்சை காட்டுவதும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. நான் மேலே அவ்வளவு வற்புறுத்திய கருவியின் எல்லை இங்கே வந்துவிடுகிறது. இதற்குமேல் மனிதர்தான் பார்க்க வேண்டும்.

போகும் வழி சொல்லாமல் 'இதைப் பயன்படுத்தாதே' என்று எழுதாதீர்கள். 2023-இல் வந்த 3.12-இல் யுடிசிநவ் கைவிடப்பட்டது. ஆவணம் அதோடு நிற்கவில்லை. நவ் மெத்தடுக்கு டைம்சோன் யுடிசியைக் கொடுத்து அழையுங்கள் என்றது, யுடிசிநவ் தரும் நேரத்தில் நேரமண்டலம் இல்லாததால் மற்ற மெத்தடுகள் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொண்டுவிடும் என்ற காரணத்தையும் சொன்னது. காரணம் தெரிந்தவர் தன் நிரலில் இதே பிழை வேறெங்கே இருக்கிறது என்று தேடுவார். பிஎச்பியில் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள் 2013-இல் 5.5 பதிப்பில் கைவிடப்பட்டு 7.0-இல் நீங்கின. கையேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் எச்சரிக்கைப் பெட்டி, அதற்குள்ளேயே மைஎஸ்க்யூஎல்ஐ அல்லது பிடிஓ-வுக்குப் போகும் லிங்க்.

ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் எழுதாதீர்கள். ஒன்றைத் திருத்துவீர்கள், மற்றது தங்கிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் பயில்வோர் நாடும் எம்டிஎன் ஆவணத்தில், எந்த உலாவி எதை ஆதரிக்கிறது என்ற அட்டவணையைப் பக்கத்துக்குப் பக்கம் யாரும் கையால் எழுதுவதில்லை. எல்லாம் ஜேசன் கோப்புகளாகத் தனிக் களஞ்சியத்தில் இருக்கிறது, அட்டவணை அதிலிருந்து உருவாகிறது. வேறு தளங்களும் அதே தரவை எடுத்துக்கொள்கின்றன.

முகவரியை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமானால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழிமாற்றுங்கள். பக்கத்துக்குள் தலைப்புகளுக்கு இருக்கும் நங்கூரங்களும் முகவரிதான். தலைப்பின் சொல்லை அழகுபடுத்தினாலே சில கருவிகளில் அவை உடைந்துவிடும். வெளியே போகும் லிங்குகளை ஸ்பிங்க்ஸின் லிங்க்செக் கொண்டு வாரத்துக்கொரு முறை ஓட்டிப் பாருங்கள்.

ஒருவர் கையில் மட்டும் சாவியை விடாதீர்கள். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சி++ எழுதும் யாரும் அன்றாடம் திறக்கும் சிபிபிரெஃபரன்ஸ் 2025 மார்ச் இறுதியில், மென்பொருள் மாற்றத்துக்காக, படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போனது; மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. அந்த ஜூனில்தான் சி++26-க்குள் ரிஃப்ளெக்ஷன் வசதி சேர்ந்தது, பல ஆண்டுகளாகக் காத்திருந்த மாற்றம். எழுத ஆட்கள் தயாராக இருந்தும் அங்கே எழுத வழியில்லாமல் போனது. சர்வர், டொமைன், கடவுச்சொல் ஆகியவற்றைக் குறைந்தது மூன்று பேராவது வைத்திருக்க வேண்டும். உள்ளடக்கத்தின் முழு நகலை யாரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வையுங்கள்.

பெரிய நிறுவனம் பின்னால் இருக்கிறது என்ற தைரியமும் போதாது. 2020 ஆகஸ்டில் மோசில்லா ஆட்களைக் குறைத்தபோது எம்டிஎன் எழுத்தாளர்கள் பலர் வேலையிழந்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் உள்ளடக்கம் முழுவதும் கிட்ஹப்புக்கு வந்தது, 2021 ஜனவரியில் ஓபன் வெப் டாக்ஸ் என்ற அமைப்பு பிறந்தது, வெளியார் திருத்தங்கள் புல் ரிக்வெஸ்டாக வரத் தொடங்கின. இன்றும் அந்த ஆவணம் புதிதாகவே இருக்கிறது. உள்ளடக்கம் திறந்த உரிமத்தில் இருந்ததால்தான் இது முடிந்தது.

வாசகர் குறிப்புகளைப் பக்கத்தின் அடியிலேயே தேங்கவிடாதீர்கள். பிஎச்பி கையேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் பயனர்கள் எழுதிய குறிப்புகள் இருக்கும். சிலவற்றில் கையேட்டிலேயே இல்லாத நல்ல விவரம் கிடைக்கும். சில, எப்போதோ நீங்கிப்போன பதிப்புக்கு எழுதியவை. நல்லதை மேலே உள்ள உரைக்குள் கொண்டுவாருங்கள், பழசை நீக்குங்கள்.

ஓட்டிப் பார்க்காத உரையை அனுப்பாதீர்கள், செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைக் குறிப்பாக. இல்லாத அளவுருவை இருப்பதுபோல எழுதும், அதுவும் சரளமாக எழுதும். அதைச் சரிபார்க்கும் சுமை, ஏற்கெனவே நேரமில்லாமல் தவிக்கும் பராமரிப்பாளர் தலையில் விழும். எழுத்துப்பிழைத் திருத்தமாக இருந்தாலும் நீங்களே படித்து அனுப்பிய ஒற்றை வரி அதைவிடப் பயனுள்ளது.

எழுத்துப்பிழை திருத்த வந்தவரை அலட்சியமாக நடத்தாதீர்கள். நாளைக்கு ஒரு முழு மாட்யூலின் ஆவணத்தையும் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவராக இருக்கலாம். ஒரு நன்றி, ஒரு வாரத்துக்குள் ஒரு பதில், பங்களித்தோர் பட்டியலில் ஒரு பெயர். பைத்தான் களஞ்சியத்திலேயே அப்படியொரு பெயர்ப்பட்டியல் கோப்பு இருக்கிறது. ஆவணத்தை மட்டும் திருத்தியவர்களும் அதில் இடம்பெறலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு

எடுத்த எடுப்பில் பயிற்சிப்பாடத்தைத் திருத்தி எழுதப் போகாதீர்கள். அதற்குப் பின்னால் பல ஆண்டு விவாதம் இருக்கும், உங்கள் புல் ரிக்வெஸ்ட் அங்கே போய் மாட்டிக்கொள்ளும். நீங்கள் தினமும் இம்போர்ட் செய்யும் மாட்யூல் ஒன்றை எடுங்கள். ஒரு பக்கம் அதன் ஆவணம், மறுபக்கம் அண்மைப் பதிப்பின் இன்டர்ப்ரெட்டர். எடுத்துக்காட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். விடை வேறாக வந்தாலோ, பிழைச் செய்தியின் சொற்கள் மாறியிருந்தாலோ, கைவிடப்பட்ட ஃபங்ஷன் என்ற எச்சரிக்கை வந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். திருத்துவதற்கு முன் அந்த விவரம் ஏற்கெனவே இஷ்யூவாகப் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள், என்ன வந்தது, ஆவணம் என்ன சொல்கிறது என்று மூன்று வரி எழுதி அனுப்புங்கள். திருத்தத்தையும் சேர்த்து அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது.